நிழலும் ஈரமும் கேட்கும் வல்லாரை: இனம் காண்பதிலிருந்து ஆண்டு முழுக்கப் பறிப்பது வரை முழு வழிகாட்டி

வல்லாரையை வீட்டில் வைத்துப் பார்த்துக் கைவிட்டவர்களிடம் கேட்டால் கதை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். மற்றக் கீரைகளோடு சேர்த்து நல்ல வெயிலில் தொட்டியை வைத்திருப்பார்கள். காலையில் ஒரு வேளை தண்ணீர் விட்டிருப்பார்கள். சில வாரங்களில் இலை சிறுத்து, காம்பு குட்டையாகி, ஓரம் கருகியிருக்கும். சத்துக் குறைவு என்று எண்ணி உரம் போட்டிருப்பார்கள். அதோடு செடி போயிருக்கும்.

முளைக்கீரையும் அரைக்கீரையும் விதைத்தால் நிமிர்ந்து வளர்ந்து ஒரு பருவத்தில் முடிந்துவிடும் வெயில் செடிகள். வல்லாரையின் பிழைப்பு வேறு. ஓடைக்கரை, காட்டோரத்து ஈரநிலம், தென்னை, பாக்குத் தோப்புகளின் அடிநிழல், வாய்க்கால் வரப்பு ஆகியவைதான் அதன் இடங்கள். தரையோடு தரையாகப் படர்ந்து, போகிற வழியில் கணுவுக்குக் கணு வேர்விட்டு, பல ஆண்டு வாழும். அந்த நிழலையும் ஈரத்தையும் இலைமக்கையும் நம் வீட்டில் எவ்வளவு நெருக்கமாக உண்டாக்குகிறோமோ அவ்வளவு செழிக்கும். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இந்த ஒன்றிலிருந்து வருபவைதான்.

செடியின் வாழ்க்கை

தாவரவியல் பெயர் சென்டெல்லா ஏசியாட்டிகா. 1753-ல் லின்னேயஸ் இதை ஹைட்ரோகாட்டைல் பேரினத்தில் வைத்தார். 1879-ல் அர்பன் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் சென்டெல்லாவுக்கு மாற்றினார். கொத்தமல்லியும் சீரகமும் கேரட்டும் சேர்ந்த ஏபியேசி குடும்பத்துச் செடி இது. இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வரை இயல்பாக வளர்கிறது. மலையாளத்தில் குடங்கல், முத்திள் என்பார்கள், கன்னடத்தில் ஒந்தெலகா, சிங்களத்தில் கொட்டுக்கொல, மலாயில் பெகாகா. இத்தனை நாட்டுச் சமையலறைகளிலும் பச்சையாகவோ சமைத்தோ உண்ணப்படும் கீரை.

தாய்ச்செடியின் நடுவே மிகக் குட்டையான தண்டு ஒன்று இருக்கும். அதிலிருந்து மெல்லிய ஓடுதண்டுகள் நாலாபக்கமும் போகும். ஓடுதண்டின் ஒவ்வொரு கணுவிலும் மேலே இலைக்கொத்து, கீழே வேர். கணுவின் வேர் மண்ணைப் பிடித்து நிலைக்கும்வரை ஓடுதண்டு வழியாகத் தாய்ச்செடியிடமிருந்தே நீரும் சத்தும் வரும். அதன் பிறகு ஓடுதண்டு அறுந்தாலும் கவலையில்லை, அது தனிச்செடி. நடவு, அறுவடை, புதுப்பித்தல் மூன்றையும் புரிந்துகொள்ள இது ஒன்று தெரிந்தால் போதும்.

வெளிச்சத்தை அளக்கத் தனியாகக் கருவி வேண்டாம், இலைக்காம்பே காட்டிவிடும். நல்ல நிழலில் காம்பு நீண்டு, இலை அகன்று, மெல்லியதாக இருக்கும். வெயில் கூடக்கூடக் காம்பு குட்டையாகி, இலை சிறுத்துத் தடித்து, தண்டில் செந்நிறம் ஏறும். இருட்டு அதிகமானால் காம்பு மட்டும் நீண்டு தொய்ந்து கிடக்கும். புதிய ஓடுதண்டு வராது.

படி 1: சரியான செடிதானா என்று உறுதிசெய்தல்

இதை அவசரமாகத் தாண்டிப்போகக் கூடாது. ஈரநிலத்தில் வட்ட இலையோடு படரும் செடிகள் நிறைய. வாயில் போடப்போகும் செடி என்பதால் ஒவ்வொரு அடையாளத்தையும் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

வல்லாரை இலை சிறுநீரக வடிவில் அல்லது ஏறத்தாழ வட்டமாக இருக்கும். பொதுவாக 2 முதல் 5 செ.மீ. அகலம், நல்ல நிழலில் அதற்கும் மேல். ஓரம் முழுக்க மழுங்கிய பற்கள் போன்ற வெட்டுகள். காம்பு சேரும் இடத்தில் இலை உள்வாங்கியிருக்கும். அந்த இடுக்கிலிருந்துதான் நரம்புகள் விரல்களாகப் பிரியும். ஒரே கணுவில் பல இலைகள் கொத்தாக எழும். காம்பின் அடி சற்று அகன்று தண்டைத் தழுவியிருக்கும். கிள்ளினால் பால் வராது. பூவைப் பலர் பார்த்தே இருக்கமாட்டார்கள். இலைகளுக்கு அடியில், தரையை ஒட்டி, வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்து இரண்டு மூன்றாகச் சேர்ந்திருக்கும் மிகச்சிறு பூக்கள் அவை. காய் தட்டையாக, வரிகளோடு இருக்கும்.

இதனோடு குழப்பிக்கொள்ளப்படும் செடிகள்:

நீர்ப்பிரமி. பிரமி என்ற பெயர் இரண்டு செடிகளுக்கும் வழங்குவதால் வரும் குழப்பம் இது. வடஇந்தியாவில் பல இடங்களில் வல்லாரையையே பிரமி என்பார்கள். நீர்ப்பிரமி, அதாவது பக்கோப்பா மொன்னியேரி, வேறு குடும்பம். இலை சிறியது, நீள்வட்டம், சதைப்பற்றுள்ளது, எதிரெதிராக அமைந்தது. ஒருமுறை அருகருகே வைத்துப் பார்த்துவிட்டால் பிறகு தவறாது. ஆனால் பொடியாக வாங்கும்போது எது எது என்று கண்ணால் சொல்ல வழியே இல்லை.

ஹைட்ரோகாட்டைல் வகைகள். நாற்றுப்பண்ணைகளில் அழகுச்செடியாக, நீர்த்தொட்டிகளுக்காக விற்கப்படுபவை. பலவற்றில் காம்பு இலையின் நடுவில், குடைக்குப் பிடி போல, அடிப்பக்கம் ஒட்டியிருக்கும். இலை பளபளவென்று முழு வட்டமாக இருக்கும். இதை வல்லாரை என்று சொல்லிக் கொடுப்பதும் நடக்கிறது. காம்பு எங்கே சேர்கிறது என்று பாருங்கள். இலையின் நடுவில் என்றால் வல்லாரை இல்லை.

ஜியோபிலா ரெபன்ஸ். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் நடந்திருப்பவர்கள் மட்கிய இலைகளுக்கு நடுவே இதைப் பார்த்திருப்பார்கள். இதய வடிவ இலை, கணுவுக்குக் கணு வேர், அடர்நிழல் என்று வல்லாரைக்கு வெகு நெருக்கமான தோற்றம். ஆனால் இலையோரத்தில் பற்கள் கிடையாது. இலைகள் எதிரெதிராக வரும். வெள்ளைக் குழல் பூ, பிறகு உருண்டையான சதைக்கனி. காப்பிச்செடியின் குடும்பம் இது. காட்டோரத்தில் வல்லாரை என்று நினைத்துப் பறிக்கிறவர்கள் முதலில் ஓரத்தைப் பார்க்க வேண்டும்.

எலிச்செவி. தரையில் படர்ந்து மஞ்சள் பூப் பூக்கும். பூ இருந்தால் சந்தேகமே வராது. பூ இல்லாத காலத்தில் இலை சிறியதாகவும், கொத்தாக எழாமல் கணுவுக்கு ஒன்றிரண்டாகவும் இருப்பதைக் கவனியுங்கள்.

எல்லாம் பொருந்தினால் கடைசியாக ஓர் இலையைக் கசக்கி முகரலாம். லேசான, கொத்தமல்லிக் குடும்பத்துக்குரிய பச்சை மணம் வரும். ருசி கசப்பும் துவர்ப்பும். அடையாளம் உறுதியாகும் முன் ருசி பார்ப்பது முறையல்ல.

படி 2: தாய்ச்செடியைப் பெறுதல்

விதை வேண்டாம். முளைப்பு மெதுவானது, சீராகவும் வராது. ஓடுதண்டுதான் வழி.

தெரிந்தவர் வீட்டிலிருந்தோ நம்பிக்கையான நாற்றுப்பண்ணையிலிருந்தோ வேரோடு கூடிய ஓடுதண்டுகளை வாங்குங்கள். கீரைக்கடைக் கட்டிலும் சில சமயம் வேர்க்கணுக்கள் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றைத் தண்ணீரில் ஓரிரு நாள் வைத்தால் புதுவேர் எட்டிப்பார்க்கும், நடலாம். ஆனால் அது எந்த நீரில் வளர்ந்தது என்று தெரியாது. ஆகவே முதலில் வரும் இலைகளைச் சாப்பிடாமல் கழித்துவிட்டு, புதிய மண்ணில் புதிதாக வளர்ந்த தலைமுறையிலிருந்து பறிக்கத் தொடங்குவது நல்லது.

பெரிய இலை, சிறிய இலை என்று இரண்டு விதமாகக் கிடைக்கும். வேறுபாட்டில் ஒரு பகுதி ரகத்தால், ஒரு பகுதி வெளிச்சத்தால் வருவது. இலங்கையில் விற்பனைக்குப் பயிரிடுபவர்கள் படராமல் புதர்போல எழும்பும் வடிவத்தையும் வளர்க்கிறார்கள். பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அர்கா திவ்யா, அர்கா பிரபாவி என்ற ரகங்களை வெளியிட்டிருக்கிறது. வீட்டுக்கு ரகம் தேடி அலைய வேண்டியதில்லை. உங்கள் ஊர் ஈரத்தில் ஏற்கெனவே நன்றாக வாழும் ஒரு செடியின் ஓடுதண்டே சிறந்தது.

படி 3: இடம்

பாதி நிழல் என்பதை மனதில் வையுங்கள். கிழக்குப் பார்த்த சுவரோரம், காலை வெயில் இரண்டு மணி நேரம் மட்டும் விழும் முற்றம், தென்னை அல்லது வாழையின் அடி, மரத்தின் சல்லடை நிழல் எல்லாம் பொருத்தம். மொட்டைமாடி என்றால் 50 சதவீத நிழல்வலை கட்டலாம். மாடியில் வெயிலைவிடத் தளத்திலிருந்து எழும் வெப்பம் பெரிய எதிரி. தொட்டியைத் தளத்தில் நேரடியாக வைக்காமல் செங்கல்லோ மரப்பலகையோ கொடுத்து உயர்த்துங்கள். உயரமான செடிகளின் தொட்டிகளுக்கு நடுவே வைத்தால் அவற்றின் நிழலும் இலைகள் விடும் ஈரமும் இதற்குக் கிடைக்கும். மாடியில் நான் முதலில் பரிந்துரைப்பது இந்த ஏற்பாட்டைத்தான், நிழல்வலை அதற்குப் பிறகு.

நிலத்தில் வைப்பவர்களுக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. கழிவுநீர் போகும் இடத்தில் வைக்காதீர்கள். பாத்திரம் கழுவும் நீர் தேங்கும் கொல்லைமூலையில் வல்லாரை பிரமாதமாகப் படரும், அதனாலேயே பலரும் அங்கே வைக்கிறார்கள். மண்ணிலும் நீரிலும் உள்ள ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களை இந்தச் செடி உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும். மாசுபட்ட மண்ணைச் சுத்தப்படுத்த உதவுமா என்று ஆய்வு செய்யப்படும் செடிகளில் இதுவும் ஒன்று. இலைக்குள் சேர்ந்துவிட்ட உலோகம் எத்தனை முறை கழுவினாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது. சாலையோரம், பழைய பெயின்ட் உதிரும் சுவரடி, பட்டறைகளின் பக்கம், சாக்கடைக்கரை இங்கெல்லாம் தானாக முளைத்திருக்கும் வல்லாரை எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும் கைவைக்க வேண்டாம். சொந்தமாக வளர்க்கச் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

படி 4: தொட்டியும் மண்ணும்

வேர் ஆழமாகப் போகாது. செடி பக்கவாட்டில்தான் பெருகும். ஆகவே ஆழமான வாளியைவிட அகன்ற, ஆழம் குறைந்த தொட்டி மேல். 15 முதல் 20 செ.மீ. ஆழம் போதும். அகலம் எவ்வளவு இருந்தாலும் அது நிரப்பிவிடும். மண்தொட்டி அழகுதான், ஆனால் பக்கவாட்டில் ஈரத்தை இழந்துகொண்டே இருக்கும். கோடை கடுமையான ஊர்களில் பிளாஸ்டிக் தொட்டியோ அகன்ற குரோபேக்கோ வேலையைக் குறைக்கும். அடியில் துளைகள் இருந்தே ஆக வேண்டும்.

மண் கலவைக்கு நல்ல தோட்டமண் அல்லது வண்டல் இரண்டு பங்கு, நன்றாக மட்கிய இலைமக்கு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, ஊறவைத்துக் கழுவிய தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு. களிமண் மிகுந்த மண்ணாக இருந்தால் கொஞ்சம் மணல் சேருங்கள். தேங்காய் நார்த்தூளை மட்டும் நிரப்பி வளர்ப்பதை நான் ஏற்பதில்லை. ஈரம் பிடிக்கும், சரி. ஆனால் சத்துப் பிடிக்காது, ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் திரும்ப நனையவும் மறுக்கும். புதுச்சாணம், பாதி மட்கிய எரு இரண்டும் கூடாது. அவற்றின் சூடு இளவேரைக் கெடுக்கும். பச்சையாக உண்ணும் கீரைக்கு அவை சுத்தமும் அல்ல.

காட்டுத்தரையில் மண் ஒருபோதும் அம்மணமாக இருப்பதில்லை. அதனால் மேலே ஓர் அடுக்கு காய்ந்த இலைமூடாக்கு போடுங்கள். நடவுக்குப் பிறகு, கணுக்கள் மண்ணைத் தொடும் இடங்களை மட்டும் விட்டுவிட்டு.

படி 5: நடவு

சித்திரை, வைகாசியின் கத்திரி வெயிலில் தொடங்காதீர்கள். மற்ற எந்தக் காலமும் ஆகும். ஆவணி, புரட்டாசியில் நட்டால் வடகிழக்குப் பருவமழைக்குள் வேர் பிடித்துவிடும். அடைமழைக் காலத்தில் தொட்டியை நேரடி மழையிலிருந்து சற்று ஒதுக்கி வையுங்கள்.

வேர்விட்ட மூன்று முதல் ஐந்து கணுக்கள் உள்ள துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். முற்றிய பெரிய இலைகளைக் கிள்ளிவிட்டு ஒன்றிரண்டு இளம் இலைகளை மட்டும் விடுங்கள். வேர் பிடிக்காத செடியால் பெரிய இலைக்கு நீர் கொடுக்க முடியாது. மண்ணை முதலில் நன்றாக நனைத்துவிட்டு, விரலால் ஆழமில்லாத கோடு இழுத்து, ஓடுதண்டைப் படுக்கையாக வைத்து, வேர்க்கணுக்கள் மட்டும் மண்ணுக்குள் போகும்படி லேசாக அழுத்துங்கள். முளைப்பகுதி மண்ணுக்கு மேல் இருக்க வேண்டும். அது புதைந்தால் அழுகும். தண்டு எழும்பிக்கொண்டே இருந்தால் வளைத்த ஈர்க்குச்சியால் கணுவை மண்ணோடு ஊன்றிவிடலாம்.

நிலத்தில் செடிக்குச் செடி ஓர் அடி இடைவெளி. தொட்டியில் ஒரு சாண் விட்டால் போதும். முதல் பத்து நாள் முழுநிழல், பூவாளியால் மென்மையாகத் தண்ணீர். பழைய இலைகள் சில மஞ்சளாகி விழும், அது வழக்கமானதுதான். நடுவிலிருந்து மடிந்த குட்டி இலை ஒன்று விரியத் தொடங்கினால் வேர் பிடித்துவிட்டது.

படி 6: தண்ணீர்

வல்லாரை வளர்ப்பில் பாதி வேலை இதுதான். மேல்மண் தொடும்போதெல்லாம் ஈரமாக இருக்க வேண்டும். ஆனால் தொட்டிக்குள் நீர் அசையாமல் நிற்கக் கூடாது. ஓடைக்கரையில் ஈரம் எப்போதும் உண்டு, ஆனால் அது நகர்ந்துகொண்டே இருக்கும் ஈரம். செடி சில நாள் நீரில் நின்றாலும் தாங்கும், ஆனால் வெயிலில் சூடேறிய தேங்கிய நீர் வேரை அழுகவைத்துவிடும்.

மழைக்காலத்தில் தண்ணீரே தேவைப்படாத நாட்கள் வரும். பனிக்காலத்தில் நாளுக்கு ஒருமுறை. கோடையில் காலையும் மாலையும். கணக்கு வைத்து ஊற்றுவதைவிட விரலை ஒரு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பது நிச்சயமானது. மூடாக்கை விலக்கிவிட்டுப் பாருங்கள், மேலே காய்ந்தும் கீழே ஈரமாகவும் இருக்கும்.

ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகமுள்ள ஊர்களில் சிக்கல் வேறு விதமாக வரும். தினமும் ஊற்றும் நீர் ஆவியாகிப் போக, உப்பு மண்ணில் தங்கிவிடும். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படலமும், இலையோரத்தில் பழுப்பும் தெரியும். இதைச் சத்துக் குறைவு என்று நினைத்து உரம் போட்டால் உப்பு இன்னும் கூடும். தொட்டியின் அடியிலிருந்து தாராளமாக வடியும்வரை நல்ல நீரை ஊற்றி மண்ணைக் கழுவிவிடுங்கள். மழைநீர் கிடைக்கும்போது அதுவே மேல்.

அரிசி கழுவிய நீரை அன்றே ஊற்றலாம். சோப்புக் கலந்த எந்த நீரும் வேண்டாம்.

படி 7: உரம், களை

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பறித்து முடித்த கையோடு ஒரு கைப்பிடி மண்புழு உரத்தை இலைகளுக்கு இடையே தூவி நீர் விட்டால் போதும். பஞ்சகவ்யா தெளிப்பவர்கள் உண்டு. மற்றப் பயிர்களுக்கு 3 சதவீதக் கரைசல் நல்லதுதான். ஆனால் சாணமும் கோமியமும் சேர்ந்த எதையும் பச்சையாக அரைத்து உண்ணும் இலையின்மேல் தெளிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வேண்டுமானால் அறுவடை முடிந்ததும் மண்ணில் மட்டும் ஊற்றி, அடுத்த பறிப்புவரை இடைவெளி கொடுங்கள்.

களையைப் பொறுத்தவரை முதல் இரண்டு மாதம்தான் வேலை. கோரை வந்துவிட்டால் கிழங்கோடு எடுங்கள். பிறகு வல்லாரையே தரையை மூடிக் களையை அடக்கிவிடும்.

படி 8: பூச்சி, நோய், கோடை

நிழலும் ஈரமும் நத்தைக்கும் பிடித்த இடம். இலையில் ஒழுங்கற்ற ஓட்டைகளும் பளபளக்கும் கோடும் தெரிந்தால் இரவில் டார்ச் எடுத்துப் போய்ப் பாருங்கள். மாலையில் நனைத்த சாக்கையோ பப்பாளி இலையையோ ஓரத்தில் போட்டு வைத்து, காலையில் அதன் அடியில் ஒளிந்திருப்பவற்றை எடுத்து அப்புறப்படுத்தலாம். வெறுங்கையால் தொடாதீர்கள். ஆப்பிரிக்கப் பெருநத்தை மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் ஒரு புழுவைச் சுமக்கக்கூடியது. கையுறையோ இடுக்கியோ வேண்டும். நத்தை ஊர்ந்த இலையைப் பச்சையாக உண்ணவும் கூடாது. நத்தைக்கொல்லி மருந்துகளை உண்ணும் கீரைக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இலையின் மேற்பரப்பில் வெளிறிய புள்ளிகளும், அடியில் நூலாம்படையும் தெரிந்தால் அது சிலந்திப்பேன். காற்று வறண்டதன் அடையாளம். இலையின் அடிப்பக்கத்தில் நீரைப் பீய்ச்சி, நிழலைக் கூட்டினால் குறையும். பழுப்புப் புள்ளிகள் வட்டமாகப் பரவினால் நெரிசல், காற்றோட்டம் இல்லாமை. அந்த இலைகளை நீக்கி, அடர்த்தியைக் குறைத்து, மாலையில் இலைமேல் நீர் ஊற்றுவதை நிறுத்துங்கள்.

கோடையில் செடி கருகினாலும் உடனே பிடுங்கி எறிய வேண்டாம். மேலே எல்லாம் காய்ந்து போனபோதும் மூடாக்கின் அடியில் சில கணுக்கள் உயிரோடு இருக்கும். காய்ந்ததைக் கத்தரித்து, தொட்டியை முழுநிழலுக்கு மாற்றி, ஈரத்தை விடாமல் வைத்திருந்தால் முதல் மழையோடு துளிர்க்கும்.

படி 9: பறித்தல்

நட்ட இரண்டு, மூன்று மாதத்தில் தொட்டி பச்சையாக மூடிவிடும். அப்போது தொடங்கலாம். இலையைக் காம்போடு சேர்த்துக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். இழுத்துப் பறித்தால் கணு வேரோடு பெயர்ந்து வரும். முற்றியவற்றை எடுத்து, நடுவில் விரியும் இளம் இலைகளை விட்டுவிடுங்கள். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் இருந்தால் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கிடைத்துக்கொண்டே இருக்கும். நிலத்தில் பெரிய அளவில் வைத்திருப்பவர்கள் ஒட்டுமொத்தமாக அறுத்துவிட்டு, அடுத்த அறுவடைக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் விடலாம்.

பாத்திக்கு வெளியே ஓடிப்போகும் ஓடுதண்டுகளை வெட்டிப் புதுத்தொட்டியில் நட்டுவையுங்கள். படர்தலைத் தடுக்க வேறு உபாயம் தேவையில்லை.

காயவைக்க வேண்டுமென்றால் நிழலில், காற்றோட்டமான இடத்தில், துணிமேல் மெல்லிய அடுக்காகப் பரப்புங்கள். இலை நீர் மிகுந்தது. குவியலாகப் போட்டால் காயும் முன்பே கறுத்துவிடும்.

படி 10: கழுவுதலும் சமைத்தலும்

தரையோடு கிடக்கும் இலை. பெரும்பாலும் பச்சையாக உண்ணப்படுவது. ஆகவே கழுவுவதில் சோம்பல் கூடாது. வேரையும் அடிமண்ணையும் நீக்கி, இலையை ஒவ்வொன்றாகப் பிரித்து, அகன்ற பாத்திரத்து நீரில் அலசி, மண் அடியில் தங்கவிட்டு இலையை மேலே அள்ளி எடுங்கள். நீர் தெளிவாகும்வரை திரும்பச் செய்யுங்கள். கடைசியாக ஓடும் நல்ல நீரில் இருபுறமும் காட்டுங்கள். உப்பிலோ மஞ்சளிலோ ஊறவைப்பது மண்ணையும் சிறு பூச்சிகளையும் விலக்க உதவும்; புழுமுட்டைகளையும் கிருமிகளையும் அது முழுக்க அழித்துவிடும் என்று நம்ப வேண்டாம். எங்கு வளர்ந்ததென்று தெரியாத கீரையை வேகவைத்தே உண்ணுங்கள்.

கசப்பைத் தணிப்பது தேங்காய். யாழ்ப்பாணத்துச் சம்பலில் இலையை மிகப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு சேர்த்துப் பிசைந்து, பரிமாறும் நேரத்தில் எலுமிச்சை பிழிவார்கள். இலை வதங்காமல் இருக்கும்போதே உண்ண வேண்டும், வைத்திருந்தால் கறுத்துக் கசக்கும். தமிழ்நாட்டில் துவையல்தான் முதலிடம். உளுத்தம்பருப்பும் மிளகாயும் வறுத்து, இலையைச் சுருள வதக்கி, தேங்காயோடு அரைப்பது. மருந்தாக எண்ணி உண்பவர்கள் புளியைத் தவிர்த்து வைப்பார்கள்; ருசிக்காகச் செய்பவர்கள் புளி சேர்ப்பார்கள். முதன்முதலாகச் சாப்பிடும் வீட்டில் பாசிப்பருப்புக் கூட்டில் மற்றொரு கீரையோடு பாதிக்குப் பாதி கலந்து தொடங்கினால் பிள்ளைகளும் மறுக்கமாட்டார்கள்.

மருந்து என்ற பேச்சு

சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் வல்லாரைக்கு நீண்ட இடம் உண்டு. ஏசியாட்டிகோசைடு, மேடகாசோசைடு போன்ற டிரைடெர்பீன் வகைச் சேர்மங்கள் இதில் உள்ளன. புண் ஆறுவதில் அவற்றின் பங்கு நிறையவே ஆராயப்பட்டிருக்கிறது. தோல் களிம்புகளில் இதன் சாறு சேர்க்கப்படுவது அதனால்தான்.

நினைவாற்றல் விஷயத்தில் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2017-ல் சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, அதுவரை மனிதர்களிடம் நடந்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. அறிவுத்திறன் கூடுகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் அதில் கிடைக்கவில்லை. தேர்வுக்கு முந்தைய மாதம் பிள்ளைக்கு வில்லை வில்லையாகக் கொடுப்பதற்கு இது நியாயம் சேர்க்காது. நல்ல கீரையாக, வாரத்தில் ஓரிரு நாள் சாப்பாட்டோடு உண்பதே போதும்.

அளவு மீறினால் கேடும் உண்டு. வல்லாரைத் தயாரிப்புகளைத் தொடர்ந்து எடுத்த மூன்று பெண்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததும், நிறுத்தியபின் தணிந்ததும் 2005-ல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கின்றன. கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், தூக்கமாத்திரையோ சர்க்கரைக்கான மருந்தோ எடுப்பவர்கள், செறிவூட்டிய பொடியையும் மாத்திரையையும் மருத்துவரிடம் கேட்காமல் தொடக் கூடாது.

படி 11: ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல்

ஓராண்டு கழிந்த தொட்டியைப் பார்த்தால் விளிம்பில் பசுமையும் நடுவில் வெறுமையும் இருக்கும். பழைய தாய்த்தண்டுகள் முதிர்ந்து, வேர்கள் பின்னி, மண் இறுகியிருக்கும். உரம் கூட்டுவதால் இது சரியாகாது. பருவமழைக்கு முன் முழுவதையும் கவிழ்த்து, விளிம்பிலுள்ள இளம் கணுக்களை மட்டும் வெட்டி எடுத்து, படி 4-ல் சொன்ன கலவையைப் புதிதாக நிரப்பி மறுபடி நடுங்கள். பழைய மண்ணை மரத்தடியில் கொட்டலாம். அதில் ஒளிந்திருக்கும் கணுக்கள் அங்கேயும் வேர்விடும்.

இரண்டு தொட்டிகள் வைத்திருப்பவர்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் கவிழ்க்காமல், ஆறு மாத இடைவெளியில் மாற்றி மாற்றிச் செய்தால் ஒன்றில் எப்போதும் பறிக்க இலை இருக்கும்.